பஸ்ஸைப் பிடிக்க அல்ல

"அப்பா, இனிமே ரோட்டுல நான் ஓடிட்டு இருந்தா பஸ்ஸை நிறுத்தக் கூடாது. நீங்களும் நிறுத்தக் கூடாது, உங்க டிப்போ ஆளுங்களும் நிறுத்தக் கூடாது. எல்லார்கிட்டயும் சொல்லிடுங்க."

சீருடைச் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்த அப்பாவின் கை கழுத்துப் பொத்தானில் அப்படியே நின்றது. உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த சத்தமும் நின்றது.

அந்த வீட்டில் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். பஸ்ஸைப் பற்றி மட்டும் அப்பாவிடம் வாய் திறக்கக் கூடாது. மகளுக்குப் பேச்சு வந்த காலத்திலேயே அம்மா சொல்லிவைத்த பாடம் அது. நிறுத்துங்கள் என்று கேட்கக் கூடாது, கொஞ்சம் காத்திருங்கள் என்று கேட்கக் கூடாது, ஜன்னல் சீட்டுப் பிடித்து வையுங்கள் என்று கேட்கவே கூடாது. இவளை வயிற்றில் சுமந்துகொண்டு நிறைமாதமாக இருந்தபோது, அம்மா ஒருநாள் ஸ்டாப்புக்குக் கொஞ்சம் முன்னாலேயே மூச்சு வாங்க நின்று கை காட்டினாளாம். அப்பா பார்த்தார், தலையசைத்தார், ஸ்டாப்பில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, அம்மா ஆடி அசைந்து வந்து ஏறும்வரை ஸ்டியரிங்கில் தாளம் போட்டபடி உட்கார்ந்திருந்தார். இந்தக் கதையை அம்மா பெருமையாகச் சொல்கிறாளா, பழி தீர்க்கச் சொல்கிறாளா என்று இன்றுவரை யாருக்கும் விளங்கியதில்லை. டிப்போவில் அவருக்கு வைத்த பெயரே 'சட்டம்'தான்.

நிறுத்தச் சொல்லிக் கேட்பது குற்றம் என்பது எல்லோருக்கும் தெரியும். நிறுத்தாதே என்று கேட்பதை எதில் சேர்ப்பது என்றுதான் அப்பாவுக்கும் புரியவில்லை.

"நேத்து நிறுத்தினதைச் சொல்றியா?" என்றார். "நீதானேம்மா ஓடி வந்தே."

"ஓடினேன். பஸ்ஸுக்கு ஓடல."

"அப்புறம் எதுக்கு ஓடினே?"

அம்மா ஈரக்கையோடு வந்து கதவோரம் நின்றாள். மகளை ஏற இறங்கப் பார்த்தாள். கல்லூரியில் கொடுத்த பழைய பனியன், தொளதொளவென்று ஒரு கால்சட்டை, ஓரம் பிரிந்த கான்வாஸ் ஷூ. ஆபீஸுக்குப் போகிற கோலம் இல்லை.

"யாராவது துரத்தினாங்களா?" என்றாள் அம்மா. குரல் தாழ்ந்திருந்தது.

அவளுக்குச் சிரிப்பதா சுவரில் முட்டிக்கொள்வதா என்று தெரியவில்லை. இந்த ஊரில் ஒருத்தி ஓடினால் ஒன்று துரத்தப்படுகிறாள், இல்லையென்றால் எதையோ தவறவிடுகிறாள். மூன்றாவது காரணம் ஒன்று இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

அவளுக்கே அது தற்செயலாகத்தான் தெரியவந்தது.

மோதி நசுங்கிய வண்டிகளுக்கு இழப்பீடு கொடுக்கும் இன்ஷூரன்ஸ் ஆபீஸ் அவளுடையது. நசுங்கிய வண்டிகளின் படங்களைப் பார்த்துப் பார்த்து, நசுங்கியது வண்டிதானா வண்டிக்காரனா என்று தெரியாத அளவுக்குக் கத்துகிறவர்களிடம் "புரியுதுங்க சார்" என்று சொல்வது வேலை. அந்தக் குடும்பத்தில் கல்லூரிப் படியை மிதித்த முதல் ஆள் அவள். அதனால் அந்த நாற்காலியில் உட்காரும்போதெல்லாம் அப்பா, அம்மா, செத்துப்போனவர்கள் எல்லோரும் சேர்ந்து அவள் மடியில் உட்கார்ந்திருக்கிற மாதிரி ஒரு கனம். ஒருநாள் செக்‌ஷன் தலைவர் அவள் எழுதிய குறிப்பைத் தன் பெயரில் மேலே அனுப்பினார். கேட்கப் போனவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னார்: "உங்க வீட்டுல இதுக்கு முன்னாடி யாரும் ஆபீஸ் வேலை பாத்ததில்ல, இல்லையா? அதான் இதெல்லாம் உங்களுக்குப் புதுசா இருக்கு. போகப் போகப் பழகிடும்."

பதில் சொல்ல நாக்கு எழுந்தது. மடியில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் அதைப் பிடித்து இழுத்தார்கள். அவள் "சரிங்க சார்" என்றாள்.

அன்று மாலை ஆபீஸ் படியிறங்கும்போது பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. ஓடினாள். தோளில் பை, கழுத்தில் அடையாள அட்டை, பைக்குள் காலிச் சாப்பாட்டு டப்பா கடகடவென்று உருள, தெருமுனைவரை விரட்டினாள். பஸ் போய்விட்டது. கம்பத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சு இரைக்க நின்றபோதுதான் கவனித்தாள், கோபமும் போய்விட்டிருந்தது. மனசு துடைத்து வைத்த பலகை மாதிரி இருந்தது. பஸ்ஸைத் தவறவிட்டு அவ்வளவு சந்தோஷமாக அவள் ஒருநாளும் நின்றதில்லை.

அந்தச் சுகம் மறுபடி வேண்டியிருந்தது. மறுநாள் விடிந்ததும் வெறுங்கையோடு தெருவில் இறங்கி ஓடினாள். எதிர்வரிசைத் தையல்கடை அக்கா அப்போதுதான் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தாள். ஷட்டர் பாதியில் நின்றது. "அய்யோ, யாருக்கு என்னடி ஆச்சு?" என்று கழுத்தில் அளவு நாடா தொங்க அவளும் பின்னாலேயே ஓடிவந்தாள். தையல்கார அக்கா ஓடுவதைப் பார்த்து இஸ்திரிக்காரர் ஓடிவந்தார். இஸ்திரிக்காரர் ஓடுவதைப் பார்த்து ஒரு நாய் எழுந்தது. தெருமுனைக்குள் ஒரு ஊர்வலமே கூடிவிட்டது.

"அப்பாவுக்கா? நெஞ்சு வலியா?" என்றாள் அக்கா. "ஆம்புலன்ஸுக்குப் போன் போடவா?"

"இல்லக்கா, பஸ்ஸுக்கு" என்றாள் அவள்.

"பஸ்ஸுக்கா? பை எங்கே?"

"மறந்துட்டேன்."

"நல்லாப் படிச்சே போ. ஆபீசரம்மா பையை விட்டுட்டு ஆபீஸுக்கு ஓடறாங்க" என்று இஸ்திரிக்காரரிடம் சொல்லிச் சிரித்துக்கொண்டே அக்கா திரும்பிப் போனாள்.

அன்று முழுக்க அவளுக்கு உடம்பு கூசியது. ஓடும்போது எது எது குலுங்கியிருக்கும், வாய் எப்படித் திறந்திருக்கும், இஸ்திரிக்காரர் வீட்டில் போய் என்ன நடித்துக் காட்டியிருப்பார் என்று நசுங்கிய வண்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து நினைத்து நினைத்து வெந்தாள். ஓடுவதை விட்டுவிடலாம்தான். விட மனசு வரவில்லை. அதனால் ஒரு யோசனை செய்தாள். இன்றைக்கு நினைத்தாலும் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிற யோசனை.

மறுநாளிலிருந்து ஆபீஸ் உடுப்பு போட்டு, அடையாள அட்டையை மாட்டி, பையில் சாப்பாட்டு டப்பாவோடு ஓடினாள். யார் பார்த்தாலும் பஸ்ஸுக்கு ஓடுகிறாள் என்றுதான் நினைப்பார்கள். கேள்வி இல்லை, ஊர்வலம் இல்லை. தையல்கார அக்கா தலையைக்கூடத் தூக்கவில்லை.

ஆனால் பஸ்காரர்கள் தலையைத் தூக்கினார்கள்.

அந்தச் சாலையில் போகிற எல்லா பஸ்ஸும் அப்பாவின் டிப்போ பஸ். கூட வேலை பார்க்கிறவர் வீட்டு ஆள் பையோடு ஓடிவந்தால் விட்டுவிட்டுப் போவதில்லை என்று அங்கே ஒரு எழுதாத வழக்கம். 'சட்டம்' ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் அதைக் கடைப்பிடித்தார்கள். முதலில் மாட்டியது மீசைக்கார மாமாவிடம். அவள் இப்போதுதான் கொஞ்சம் சூடாகி, மூச்சு ஒரு ஒழுங்குக்கு வந்திருந்தாள். பக்கத்தில் வந்த பஸ் புஸ்ஸென்று நின்றது, கதவு திறந்தது.

"ஏறு பாப்பா, ஏறு. சட்டத்தோட பொண்ணை விட்டுட்டுப் போவேனா?"

பஸ்ஸில் இருந்த அத்தனை முகமும் அவளைப் பார்த்தது. இல்லை மாமா, நான் சும்மா ஓடுகிறேன் என்று சொல்ல வாய் வரவில்லை. ஏறினாள். டிக்கெட் வாங்கினாள். வியர்வை சொட்டச் சொட்ட உட்கார்ந்து ஆபீஸுக்குப் போனாள். ஆபீஸ் இன்னும் திறக்கவில்லை.

இதே கூத்து மறுநாளும் நடந்தது. வேறு டிரைவர், அதே புஸ், அதே முகங்கள். நேரத்தை மாற்றிப் பார்த்தாள். அந்த நேரத்து பஸ் நின்றது. எதிர்ப்பக்கம் ஓடிப் பார்த்தாள். எதிர்ப்பக்கம் போகிற பஸ்ஸிலிருந்து கண்டக்டர் அக்கா ஒருத்தி பாதி உடம்பை வெளியே நீட்டி, "தப்பான பக்கம் ஓடறே கண்ணு, உன் பஸ் அந்தப் பக்கம்" என்று ஊருக்கே கேட்கக் கத்தினாள். அவள் ஒருநாளாவது வேண்டிய மட்டும் ஓடியது கிடையாது. ஓட்டம் தொடங்கும்போதே யாராவது அன்பாகப் பிடித்து உள்ளே போட்டுக்கொண்டார்கள்.

ஆபீஸ் வாட்ச்மேன், "சாவியை உங்ககிட்டயே குடுத்துடறேம்மா, நான் கொஞ்சம் தூங்குவேன்" என்றார். செக்‌ஷன் தலைவர் எல்லோர் முன்னாலும், "பாருங்க, பழகிடும்னு சொன்னேன்ல? இப்ப முதல் ஆளா வந்து நிக்கறாங்க" என்று பாராட்டினார். எந்தக் கோபத்தைக் கரைக்க ஓடினாளோ அது வட்டியோடு திரும்பி வந்தது.

அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. நேற்று அப்பா வந்தார்.

அவருக்கு வேறு தடம் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். யாரோ லீவு போட, இவரை மாற்றிவிட்டிருந்தார்கள். தண்ணீர்த் தொட்டி வளைவில், எந்த ஸ்டாப்பும் இல்லாத இடத்தில், அவளைத் தாண்டிப் போன பஸ் திடீரென்று நின்றது. பின்விளக்கு சிவப்பாக எரிந்தது. மீசைக்கார மாமா என்று நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினால், டிரைவர் சீட்டில் அப்பா. சீட்டிலிருந்து பாதி எழுந்திருந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"என்னம்மா?" என்றார். "என்ன ஆச்சு?"

"ஒண்ணும் இல்லப்பா. ஆபீஸுக்கு லேட் ஆச்சு."

அவர் முகத்தில் முதலில் உயிர் வந்தது. பிறகுதான் தான் எங்கே நிறுத்தியிருக்கிறோம் என்பது உறைத்தது. உட்கார்ந்து வண்டியை எடுத்தார்.

மூன்றாவது வரிசையில் கண்ணாடி போட்ட ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "போன வாரம் நானும்தான் ஓடி வந்தேன். ரெண்டு கையையும் தூக்கி ஆட்டினேன். கண்ணாடியில என்னைப் பாத்துட்டே போனாரு. நமக்கு ஸ்டாப்பு. வீட்டுப் பொண்ணுக்கு நடுரோடு."

பஸ் சிரித்தது. அப்பா திரும்பவில்லை. பின்னாலிருந்து அவர் காது மடல் சிவப்பதை அவள் பார்த்தாள். நிறைமாத மனைவிக்குக்கூட வளையாத மனுஷனை, ஒரு சாப்பாட்டு டப்பாவும் ஒரு பொய்யும் வளைத்துவிட்டன.

ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அழுகை வந்தால் வெளியே பார்ப்பதுதான் வசதி. அப்போதுதான் சாலை ஓரத்தில் அந்தப் பெண் வந்தாள். அம்மா வயதிருக்கும், நல்ல கனத்த உடம்பு. முகம் அடுப்பு மாதிரி சிவந்து, வாய் பிளந்து, நடப்பதைவிடக் கொஞ்சமே வேகமாக, கால் தரையில் தேய ஓடிக்கொண்டிருந்தாள். கையில் ஒன்றும் இல்லை. தோளில் ஒன்றும் இல்லை.

அவள் மானம் போயிற்று என்று நினைத்தாள் இவள். யார் யார் சிரிக்கப் போகிறார்கள் என்று பஸ்ஸுக்குள் திரும்பிப் பார்த்தாள்.

ஒருத்தரும் சிரிக்கவில்லை. கண்ணாடிக்காரர் அதே ஜன்னல் வழியாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். டிக்கெட்டைச் சுருட்டிக் காதைக் குடைந்துகொண்டிருந்தார். அந்தப் பெண் அவர் பார்வைக்குள் வந்தாள், போனாள். விளக்குக் கம்பம் வந்து போகிற மாதிரி. குடைவது ஒரு நொடிகூட நிற்கவில்லை. பிறகு அவர் திரும்பி, பையை மடியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த இவளை மறுபடி ஒரு முறை முறைத்தார்.

அவ்வளவுதான் விஷயம். ஊர் கண்ணிலிருந்து ஒளிய அவள் சுமந்துகொண்டு ஓடிய பைதான் ஊரைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறது. பையோடு ஓடுகிறவளுக்கு பஸ் நிற்கும், கதவு திறக்கும், அறுபது கண் திரும்பும். வெறுங்கையோடு ஓடுகிறவளை ஒரு வாரம் போனால் நாய்கூடச் சீண்டாது. முதல்நாள் தெரு ஓடிவந்தது புதுசு என்பதால். அவள் இரண்டாம் நாளும் வெறுங்கையோடு ஓடியிருந்தால் தையல்கார அக்கா என்னவென்று கேட்டிருப்பாள். மூன்றாம் நாள் ஷட்டரைத் தூக்கப் போயிருப்பாள். அவள் முதல்நாளோடு பயந்து பையை மாட்டிக்கொண்டாள்.

ஆபீஸ் ஸ்டாப்பில் இறங்கும்போதே முடிவு எடுத்தாயிற்று. அப்பாவிடம் சொல்வது ஒன்றுதான் பாக்கி. அதைத்தான் இப்போது சொல்லிக்கொண்டிருந்தாள்.

"யாரும் துரத்தலம்மா" என்றாள். "நான் சும்மா ஓடினேன். தினமும் சும்மாதான் ஓடறேன். எனக்குப் பிடிச்சிருக்கு."

"சும்மாவா?" என்றார் அப்பா.

"சும்மா."

"பையோடவா?"

"அது... நீங்க எல்லாரும் கேப்பீங்கன்னு."

அப்பா பொத்தானை விட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். அம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை.

"ஏண்டி, நான் ஓடாத ஓட்டமா? பிஸ்கட் கம்பெனியில சங்கு ஊதினா கேட்டைச் சாத்திடுவான். உன்னைப் பக்கத்து வீட்டுல போட்டுட்டு, செருப்பு அறுந்தா கையில எடுத்துட்டு ஓடினேன். என் பொண்ணு இப்படி ஓடக் கூடாது, உக்காந்து வேலை பாக்கணும்னுதான் படிக்க வச்சோம். இப்ப வேலையில உக்கார வச்சா, நீ எழுந்து ரோட்டுல ஓடறேன்கிறே."

"உக்காந்துதாம்மா எனக்குப் பைத்தியம் புடிக்குது."

"அதுக்கு?"

அவளுக்கு வாய் நீளம் என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் இதைச் சொல்ல அவள் வார்த்தையைத் தேட வேண்டியிருந்தது.

"நீ லேட்டா போனா கேட்டைச் சாத்துவாங்க. அதனால ஓடினே. எனக்கு எந்தக் கேட்டும் இல்லம்மா. நின்னாலும் ஒண்ணும் ஆகாது, திரும்பி வந்தாலும் ஒண்ணும் ஆகாது. எதுக்காகவும் இல்லாம ஓடறதுக்கு இந்த வீட்டுல எனக்குத்தான் முதல்ல குடுத்து வச்சிருக்கு. அதுவும் நீ ஓடி வாங்கிக் குடுத்ததுதான்."

அம்மா ஈரக்கையைப் புடவையில் துடைத்தாள், காய்ந்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு அவள் பார்வை கீழே இறங்கி ஷூவில் நின்றது.

"இதைப் போட்டுட்டா ஓடறே?" என்றாள். "விரல் வெளியில எட்டிப் பாக்குது. ஒரு நல்லதா வாங்கித் தொலைக்கக் கூடாது?"

அம்மாவிடமிருந்து அனுமதி இப்படித்தான் வரும், திட்டு வேஷத்தில்.

"அப்ப நேத்து உனக்கு ஒண்ணும் ஆகல?" என்றார் அப்பா. அவர் இன்னும் தண்ணீர்த் தொட்டி வளைவிலேயே இருந்தார்.

"ஒண்ணும் ஆகலப்பா."

"எவனும் வம்பு பண்ணல?"

"பண்ணினா சும்மா விடுவேனா?"

"நீ ஓடி நான் பாத்ததே இல்ல" என்றார் அவர். "சின்ன வயசுலகூட நீ ஓட மாட்டே, நின்னு சண்டை போடுவே. அந்த வளைவுல உன்னைப் பாத்ததும் காலு தானா பிரேக்குக்குப் போயிடுச்சு. ஏறினதும் லேட் ஆச்சுன்னு சொன்னே. நான் நம்பல. எதையோ மறைக்கறான்னு ராத்திரி முழுக்க உங்க அம்மாகூடப் பேசிட்டு இருந்தேன்." பெரிதாக ஒரு மூச்சு விட்டார். தோள் இரண்டும் இறங்கின. "சும்மா ஓடினாளாம். இதைச் சொல்றதுக்கு என்ன கஷ்டம் உனக்கு?"

"நீங்க சொல்லுங்க பாப்போம், உங்க டிப்போல. என் பொண்ணு காலையில ரோட்டுல சும்மா ஓடறான்னு."

அப்பா யோசித்தார். வாய் ஓரம் லேசாகக் கோணியது.

"சொல்றேன். சட்டமா இருந்தும் தெரியாம நிறுத்திட்டேன்னும் சேத்துச் சொல்றேன். சிரிப்பாங்க, சிரிச்சுட்டுப் போகட்டும். மீசைக்காரன் எத்தனை தடவை நிறுத்தினான்?"

"முதல்ல நிறுத்தினதே அவருதான். அப்புறமும் மூணு நாலு தடவை."

"பொண்ணைக் காப்பாத்தறதா நெனச்சு நெஞ்சை நிமித்திட்டுத் திரிஞ்சான். அவன் மூஞ்சியைப் பாக்கறதுக்காகவே சீக்கிரம் போகணும்." கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டு எழுந்தார். "சரி. நிறுத்த மாட்டேன். ஒரு ஹார்ன் மட்டும்?"

"அப்பா."

"சின்னதா."

"நீங்க என்னைப் பாக்கவே கூடாது. கம்பம் மாதிரி தாண்டிப் போயிடணும்."

"அது கஷ்டம்" என்றார் அப்பா. "முயற்சி பண்றேன்."

அவள் குனிந்து ஷூ நாடாவை இறுக்கிக் கட்டினாள். சுவர் ஆணியில் பை தொங்கியது, டப்பாவோடு, அடையாள அட்டையோடு. அவள் கதவைத் திறந்ததும் அம்மா பழக்கத்தில், "பையை மறந்துட்டே" என்றாள்.

"மறக்கல."

படியிறங்கினாள். தெருவில் தையல்கார அக்கா ஷட்டர் பூட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். இன்றைக்கும் அக்கா கேட்பாள், கேட்கட்டும். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை என்ற பதிலை வாயில் தயாராக வைத்துக்கொண்டு, வெறுங்கையை இரண்டு முறை உதறிவிட்டு, அவள் வெளிவாசலைத் தாண்டிப் போனாள்.